தாத்தாவின் தையலும் அண்ணனின் நாலு புள்ளிகளும்

ரொம்ப நாளாக எழுத நினைத்து, உட்கார்ந்தால் கை வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பதிவு இது. அண்ணனிடம் அனுமதி கேட்டேன். "எழுதுலே, பேரு மட்டும் போட்டுராத" என்றார். ஆகவே இங்கே அவர் வெறும் அண்ணன்தான். பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அது போதும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். டொராண்டோவில் ஒரு பேங்கில் கடன் மனுக்களைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவன். டாக்டர் இல்லை. ஆனால் போன வருஷம் ஒரு மாதம் முழுக்க, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, கடன் மனுவைப் படிக்கிற அதே சந்தேகக் கண்ணோடு ஆபரேஷன் சரித்திரம் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாத்தாவிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவருக்கு மேல்சட்டை போடும் வழக்கம் கிடையாது. தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி தொப்புள் பக்கம் வரைக்கும் ஒரு தழும்பு இறங்கும். இரண்டு பக்கமும் தையல் குத்திய புள்ளிகள், பூரான் கால் மாதிரி. சின்ன வயதில் அண்ணனும் நானும் அந்தப் புள்ளிகளை எண்ணுவோம். முடிப்பதற்குள் தாத்தா சிரித்து வயிறு குலுங்கி எண்ணிக்கை தப்பிவிடும். "சாமர்வெல் சாயிப்பு போட்ட தையலாக்கும்" என்பார், ராணுவத்தில் வாங்கிய மெடலைக் காட்டுவது போல.

சாமர்வெல் சாயிப்பு யார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். குடும்பத்துக்கு ஷூ கம்பெனி இருந்தது. முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் காயம்பட்டு வரிசையாகக் கிடந்த சிப்பாய்களுக்கு ஆபரேஷன் செய்தவர். 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் ஒருவர். அந்தப் பயணத்தில் பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்துபோனார்கள், உச்சியையும் தொட முடியவில்லை. ஊருக்குத் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பியவர், தெற்கே வந்து வந்து நெய்யூர் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் நின்றார். 1838-ல் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற டாக்டர் தொடங்கிய மருத்துவப் பணி அது. அங்கே அவருடைய நண்பர் டாக்டர் பியூ, காத்துக் கிடந்த கூட்டத்துக்கு நடுவே தனியாளாகத் திணறிக்கொண்டிருந்தார். சோமர்வெல் லண்டனில் தனக்காக இருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

நடுவில் 1924-ல் மறுபடி எவரெஸ்ட். ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி வரை போனார். இறங்கும்போது தொண்டையின் உள்தோல் உரிந்து அடைத்துக்கொள்ள, தன் மார்பைத் தானே அழுத்தி இருமித் துப்பிப் பிழைத்தார். மலோரி உச்சியை நோக்கிக் கடைசியாகப் போனபோது எடுத்துச் சென்ற கேமரா இவர் கொடுத்ததுதான். இப்படிப்பட்ட ஆள் அதன் பிறகு கால் நூற்றாண்டு நெய்யூரில் எங்கள் ஆட்களின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார் என்பது இன்று நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

தெற்குத் திருவிதாங்கூரில் அப்போது முன்சிறுகுடல் புண் ஏராளம். சோமர்வெல்லுக்கு எங்கள் சாப்பாட்டின் மேல்தான் சந்தேகம். மூன்று வேளையும் மரச்சீனியும் மிளகாய் அரைத்ததும் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது! இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைக்கும் ஆபரேஷனை அவர் ஆயிரக்கணக்கில் செய்தார். தாத்தா அந்த ஆயிரங்களில் ஒருவர். மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனதாகவும், பாட்டி ஆஸ்பத்திரி வளாகத்திலேயே மூன்று கல் கூட்டிக் கஞ்சி வைத்ததாகவும், திரும்பி நெல்வயலில் இறங்க ஒரு வருஷம் ஆனதாகவும் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் வயிற்றுக்குள் இருப்பதைப் பார்க்க ஒரே வழி, டாக்டரின் இரண்டு கையும் உள்ளே போகிற அளவுக்குக் கிழிப்பது.

(1982-ல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தப் புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார்கள், 2005-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். தாத்தாவின் ஆபரேஷன் இன்று ஒரு கோர்ஸ் மாத்திரை. மரச்சீனி நிரபராதி.)

1956 நவம்பர் 1-ம் தேதி எல்லை பிரித்தபோது நெய்யூர் இருந்த கல்குளமும் பக்கத்து விளவங்கோடும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளையில் கோடு. தாத்தாவின் தையல் அந்த மாநிலம், தாத்தா இந்த மாநிலம். எங்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சர்ச்சில் இரண்டும் கலந்து. இங்கே டொராண்டோவில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் என் தமிழைக் கேட்டு "நீங்கள் மலையாளியோ?" என்று கேட்பதும், மலையாளிகள் "பாண்டியானோ?" என்று கேட்பதும் தனிக்கதை :-) கோட்டுக்கு இந்தப் பக்கம் காரக்கோணத்தில் 2000-களில் ஒரு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு டாக்டர் சோமர்வெல் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இனி அண்ணன் கதை.

ஆறேழு மாதமாகக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று தலை வெடிப்பது போல வலி, உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடப்பு, முகம் வெளுத்துப்போகும். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். வாயு என்றார்கள், கடன்காரர்கள் டென்ஷன் என்றார்கள். ஒருநாள் அப்படி வந்த நேரத்தில் பக்கத்து கிளினிக்கில் பிரஷர் பார்த்தபோது மேலே 220. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எழுதினார். வலது சிறுநீரகத்தின் தலையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுத்துப் பரிசோதித்ததில் உறுதியானது. அட்ரீனல் சுரப்பியில் வரும் ஃபியோக்ரோமோசைட்டோமா. வாயில் நுழையாத பெயர். சுருக்கமாகச் சொன்னால், ஆபத்து வந்தால் மட்டும் உடம்பு சொட்டுச்சொட்டாக விட வேண்டிய அட்ரீனலின் வகைச் சரக்கை நினைத்த நேரத்தில் குடம் குடமாகக் கொட்டும் கட்டி.

அண்ணி போன் பண்ணியபோது இங்கே ராத்திரி பத்தரை. "தம்பி, ரெண்டு விதம் சொல்லுதாவ. தாக்கோல் துவாரம்னு ஒண்ணு, ரோபோன்னு ஒண்ணு. ரோபோவுக்கு ரொம்ப கூடுதல் ஆவும். இங்க ஆருக்கும் ஒண்ணும் பிடி கிட்டல்ல. நீங்க வெளிநாட்டுல இருக்கியவரு, நீங்களே சொல்லுங்க."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "ரோபோவே பண்ணச் சொல்லுங்க அண்ணி, ரூபாய் நான் அனுப்புறேன்."

இதை வாசிக்கிற உங்களில் பலர் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பீர்கள். அம்மாவுக்கு முட்டு ஆபரேஷன், அப்பாவுக்கு ஸ்டென்ட், எதுவானாலும் "விலை கூடினதையே வையுங்கள்". பக்கத்தில் இருந்து கஞ்சி வைத்துக் கொடுக்க முடியாதவன் வேறு என்ன சொல்வான்? போனை வைத்த பிறகு அண்ணி கேட்ட ஒரு கேள்விதான் தூங்கவிடவில்லை. "அந்த மெஷினு தானாவே அறுக்குமா தம்பி?" எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். பேங்கில் இப்படி ஒரு மனுவை பாஸ் பண்ணினால் ஆடிட்டில் சீட்டு கிழிந்துவிடும். அன்றைக்குப் படிக்க ஆரம்பித்தது.

அட்ரீனல் சுரப்பி நாலைந்து கிராம் எடை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்தது போல, உதரவிதானத்துக்கு அடியில், முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். 1560-களில் இத்தாலிய உடற்கூறு நிபுணர் எவுஸ்டாக்கி இதைப் பார்த்து எழுதி வைத்தார். ஆனால் இது எதற்கு என்று அதன்பின் முந்நூறு வருஷம் யாருக்கும் விளங்கவில்லை. 1855-ல் லண்டனில் தாமஸ் அடிசன், இந்தச் சுரப்பி கெட்டால் ஆள் சோர்ந்து, தோல் கறுத்து, செத்துப்போவதை எழுதினார். 1894 வாக்கில் ஆலிவரும் ஷேஃபரும் இதன் சாற்றை விலங்குகளுக்கு ஏற்றினால் ரத்த அழுத்தம் எகிறுவதைக் காட்டினார்கள். 1901-ல் ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே அந்தச் சாற்றிலிருந்து அட்ரீனலினைப் பிரித்தெடுத்தார்.

அண்ணனுக்கு வந்த அதே நோயை முதலில் விவரித்தவர் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்து டாக்டர் ஃபெலிக்ஸ் ஃப்ராங்கல், 1886-ல். நோயாளி 18 வயதுப் பெண். அதே தலைவலி, அதே படபடப்பு, அதே வெளுப்பு. இறந்த பிறகு பார்த்தால் இரண்டு பக்கமும் கட்டி. இந்தப் பெண்ணைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு, பின்னால் வருகிறேன்.

கட்டியை எடுத்து ஆளையும் பிழைக்க வைத்தது 1926-ல்தான். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் செசார் ரூ, அதே வருஷம் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோ. மேயோவின் நோயாளி ஒரு கன்னியாஸ்திரி, எங்கள் ஒன்டாரியோவின் சாத்தம் ஊர்க்காரர். அந்த ஊர் இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம். மேயோ வயிற்றைத் திறந்தபோது உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து திறக்கவில்லை, தேடித்தான் கண்டுபிடித்தார்.

ஆனால் அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இந்தக் கட்டியைக் கை தொட்டாலே அது பிழிந்துவிட்ட பஞ்சு போல அட்ரீனலினைக் கொட்டும், பிரஷர் முந்நூறு வரை போகும். ரத்தக்குழாயைக் கட்டி எடுத்ததும் கிணற்றில் போட்ட கல் மாதிரி பிரஷர் கீழே விழும். ஐந்தில் ஒருவராவது இறந்துபோன காலம் அது. இதை மாற்றியது கத்தி இல்லை, மாத்திரை. ரத்தக்குழாய்களைத் தளர்த்தி வைக்கும் ஆல்ஃபா தடுப்பு மருந்துகள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வந்தன. ஆபரேஷனுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அவற்றை ஆரம்பித்து, உப்பும் தண்ணீரும் கூட்டிக் கொடுத்து, உடம்பைத் தயார் செய்தார்கள். அதோடு மயக்க மருந்து டாக்டர்களின் கைத்திறமையும் சேர்ந்து, இன்று இறப்பு நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே. நான் படித்ததிலேயே பெரிய தாவல் இதுதான். ரோபோ விளம்பரம் எதிலும் இது வராது.

அடுத்த தாவல் 1992. அதுவரை நாலு கிராம் சுரப்பிக்காக ஒரு சாண் நீளத்துக்கு மேல் வயிற்றையோ விலாவையோ கிழிப்பார்கள். சில சமயம் ஒரு விலா எலும்பையே எடுக்க வேண்டிவரும். தேங்காய்க்குள் கிடக்கும் ஊசியை எடுக்கத் தென்னையை வெட்டுவது மாதிரி. வயிற்றில் சின்னத் துளை போட்டுக் குழாய் வழியாக எட்டிப் பார்ப்பது புதிது இல்லை. ஸ்டாக்ஹோமில் யாக்கோபியஸ் 1910-லேயே மனிதர்களுக்குச் செய்துவிட்டார். ஆனால் பார்ப்பது வேறு, உள்ளே வேலை செய்வது வேறு. கீல் நகரத்தின் கூர்ட் செம் 1980-ல் குடல்வாலை அப்படி எடுத்தபோது சக டாக்டர்களே அவரை ஏசினார்கள். 1985-ல் எரிக் மூஹே பித்தப்பையை எடுத்தார், அவருக்கும் ஏச்சுதான். 1980-களின் கடைசியில் வீடியோ கேமரா வந்து, அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே திரையில் பார்க்க ஆரம்பித்ததும்தான் உலகம் திரும்பியது. இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா முதல் பித்தப்பையை இப்படி எடுத்தார். பிறகு கோவையில் டாக்டர் பழனிவேலு போன்றவர்கள் அதைப் பெரிதாக வளர்த்தார்கள்.

அட்ரீனலுக்கு இதைக் கொண்டுவந்ததில் முக்கியமான பெயர் மிஷேல் காக்னே. மீண்டும் கனடா, இந்த முறை மாண்ட்ரியல். ஜப்பானிலும் அதே சமயம் முயன்றார்கள். ஆனால் 1992-ல் காக்னேயும் கூட்டாளிகளும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினுக்கு எழுதிய ஒரு சின்னக் கடிதம்தான் உலகெங்கும் படிக்கப்பட்டது. அவர் செய்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நோயாளியை மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்தார். குடல் முழுக்கத் தன் எடையிலேயே ஒரு பக்கம் சரிந்துவிட்டது, சுரப்பி வெளியே தெரிந்தது. ஒதுக்கிப் பிடிக்கக் கை தேவை இல்லை, பூமி ஈர்ப்பே போதும். மூன்று நாலு துளை, வயிற்றை உப்ப வைக்கக் கொஞ்சம் கரியமிலவாயு, ஒரு கேமரா. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் மார்ட்டின் வால்ஸ் இன்னொரு வழி பிடித்தார். நோயாளியைக் குப்புறப் போட்டு, முதுகு வழியாகவே, வயிற்றுக்குள் நுழையாமலே சுரப்பியை எடுத்தார். 2006-ல் அப்படி 560 ஆபரேஷன்களின் கணக்கை வெளியிட்டார். பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் உலகம் முழுவதும் அட்ரீனல் என்றால் சாவித்துளை என்று ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தவர்கள் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போனார்கள்.

அப்படியானால் ரோபோ எதற்கு?

அண்ணியின் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது: இல்லை அண்ணி, தானாக ஒன்றும் அறுக்காது. டாக்டர் ஒரு மூலையில் உட்கார்ந்து கண்ணை ஒரு பெட்டிக்குள் வைத்து, விரல்களில் வளையம் மாட்டி அசைக்கிறார். மெஷினின் கைகள் அதே அசைவை நோயாளியின் உள்ளே செய்கின்றன. முதலில் இதை யோசித்தது அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில். போர்க்களத்தில் அடிபட்ட சிப்பாய்க்குத் தூரத்திலிருந்தே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்பது கனவு. 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்தபடி, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் படுத்திருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை ஷாக் மாரெஸ்கோ எடுத்துக் காட்டினார். 2003-ல் இங்கே ஹாமில்டனில் இருந்த டாக்டர் மெஹ்ரான் அன்வாரி, சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி நார்த் பே ஊரில் இருந்த நோயாளிகளுக்கு ஆபரேஷன் செய்தார். இதைப் படித்தபோது, தூரத்தில் இருக்கும் தம்பியாக, எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கனவு பெரிதாக வளரவில்லை. 2000-ல் அமெரிக்க அனுமதி வாங்கிய டாவின்சி என்ற மெஷின்தான் சந்தையைப் பிடித்தது. அதில் டாக்டர் உட்காருவது பெரும்பாலும் அதே அறையில், நோயாளியிடமிருந்து நாலு எட்டில்.

நன்மை இல்லாமல் இல்லை. படம் முப்பரிமாணத்தில் தெரியும். கருவியின் நுனி மனித மணிக்கட்டு மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும், சாதாரண லேப்ரோஸ்கோப்பிக் கருவி நீளக் கோல்போல இருக்கும். கை நடுக்கத்தை மெஷின் வடிகட்டிவிடும். டாக்டர் கால் கடுக்க நிற்க வேண்டாம். எதிர்ப்பக்கம், திசுவைத் தொட்டால் கையில் உணரும் அழுத்தம் பெரும்பாலான மெஷின்களில் கிடையாது. மெஷினை நோயாளியோடு பொருத்தி எடுக்க நேரம் ஆகும். பிறகு விலை.

2001-ல் ஹோர்கனும் வனூனோவும் டாவின்சியால் அட்ரீனல் எடுத்ததை எழுதினார்கள். 2004-ல் இத்தாலியின் டூரினில் மொரினோ குழு நேருக்கு நேராகப் போட்டி வைத்துப் பார்த்தது. குலுக்கிப் பிரித்து, பத்துப் பேருக்கு லேப்ரோஸ்கோப்பி, பத்துப் பேருக்கு ரோபோ. லேப்ரோஸ்கோப்பிக்குச் சராசரி 115 நிமிஷம், ரோபோவுக்கு 169. ரோபோவில் ஆரம்பித்த பத்தில் நாலு, நடுவில் மெஷினை ஒதுக்கிவிட்டு சாதாரண லேப்ரோஸ்கோப்பியில் முடிக்க வேண்டியதாயிற்று. செலவும் கூடுதல். பத்துப் பேர் என்பது சின்னக் கணக்கு, அதுவும் ஆரம்பகாலம், ஒப்புக்கொள்கிறேன். பிரான்ஸின் நான்சி நகரத்து ப்ருனோ குழு 2008-ல் நூறு ரோபோ ஆபரேஷன்களைப் பற்றி எழுதியது. முதல் இருபதில் டாக்டரின் கை பழகியதும் நேர வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. குண்டானவர்களுக்கும் பெரிய கட்டிக்கும் ரோபோ உதவியாக இருந்தது. ஆனால் செலவு 2.3 மடங்கு. 2014-ல் ஒன்பது ஆய்வுகளை, 600 நோயாளிகளை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சிக்கல்களிலும் இல்லை. ரோபோவில் ரத்த இழப்பு கொஞ்சம் குறைவு, ஆஸ்பத்திரியில் தங்குவது கொஞ்சம் குறைவு. "கொஞ்சம்" என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி பேங்க்காரன் பேச்சு. ஒரு மெஷின் பல கோடி. சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் 2022-ல் தொடங்கியபோது 34.6 கோடி ரூபாய் ஆனதாகச் செய்தி. அதற்கு மேல் வருஷாந்திரப் பராமரிப்பு. டாவின்சியின் பல கருவிகளுக்கு ஆயுள் வெகுகாலம் சுமார் பத்து ஆபரேஷன்தான், உள்ளே இருக்கும் சில்லு எண்ணிக்கொண்டே வந்து அப்புறம் வேலை செய்ய மறுத்துவிடும். (தேய்மானத்தைத் தானே கணக்குப் போடும் சொத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.) 2010-ல் அமெரிக்காவில் பல வகை ஆபரேஷன்களைச் சேர்த்துப் போட்ட கணக்கில், ரோபோவால் ஒரு ஆபரேஷனுக்குக் கூடுவது சுமார் 1,600 டாலர், மெஷினின் விலையையும் பங்கிட்டால் 3,200. இப்படி ஒரு சொத்தை வாங்கினால் அது தினமும் ஓட வேண்டும், இல்லையென்றால் வட்டிக்கும் கட்டாது. அட்ரீனல் கட்டி அபூர்வம். மெஷினை ஓட்டுவது புரோஸ்டேட்டும் கருப்பையும்தான், அட்ரீனல் இடையில் வந்து ஏறும் பயணி. அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பயணி எதற்காகக் கூடுதல் டிக்கெட் வாங்குகிறார் என்று கேட்கலாம் அல்லவா?

கடைசியாக என் கண்ணைத் திறந்தது 2009-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு. 3,144 அட்ரீனல் ஆபரேஷன்களை எடுத்து, டாக்டர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பது முக்கியமா, எத்தனை செய்கிறவர் என்பது முக்கியமா என்று பார்த்திருக்கிறார்கள். வருஷத்துக்கு நாலோ அதற்கு மேலோ செய்கிறவர்களிடம் சிக்கல் 11.3 சதவீதம், குறைவாகச் செய்கிறவர்களிடம் 18.2 சதவீதம். ரோபோவா லேப்ரோஸ்கோப்பியா என்ற ஒப்பீடுகள் எதிலும் இவ்வளவு பெரிய இடைவெளியை நான் பார்க்கவில்லை. என்ன மெஷின் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். விசாரித்திருக்க வேண்டியது ஆளை.

அண்ணிக்கு ஒரு தாளில் நாலு கேள்வி எழுதி அனுப்பினேன். அட்ரீனல் எத்தனை செய்திருக்கிறீர்கள்? எந்த முறையில் எத்தனை? மருந்து கொடுத்துத் தயார் செய்ய எத்தனை வாரம்? மயக்க மருந்து டாக்டர் இந்தக் கட்டியைப் பார்த்துப் பழகியவரா? அண்ணி கேட்கத் தயங்கினார். "டாக்டருட்ட இப்படியெல்லாம் கேட்டா கோவப்பட மாட்டாரா?" கோபப்படவில்லை. அவர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாராம்: லேப்ரோஸ்கோப்பியில் நாற்பதுக்கு மேல், ரோபோவில் இரண்டு. "உங்க ஆள் ஒல்லி, கட்டி அஞ்சு சென்டிமீட்டருக்குள்ள. என் அண்ணனாயிருந்தா லேப்ரோஸ்கோப்பிதான் செய்வேன். ரோபோ வேணும்னு கேட்டதாலதான் விலை சொன்னோம்." கேட்டது யார்? நான்தான்.

ரோபோவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பரம்பரையாக இரண்டு பக்கமும் கட்டி வருகிறவர்களுக்குச் சுரப்பியில் ஒரு துண்டை மட்டும் மிச்சம் வைத்து வெட்ட வேண்டும், அந்த நுணுக்கத்துக்கு அந்த மணிக்கட்டு உதவும் என்கிறார்கள். புற்றுநோயாகி அக்கம்பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் இரண்டுமே இல்லை, இன்றும் தாத்தா மாதிரி திறப்புதான். மெஷினும் மலிவாகிக்கொண்டு வருகிறது. 2022-ல் குருகிராமிலிருந்து உள்நாட்டு மெஷின் ஒன்று வந்தது. திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் 2024-ல் புற்றுநோயாளிகளுக்கு ரோபோ ஆபரேஷன் தொடங்கிவிட்டது. இன்னும் பத்து வருஷத்தில் நாற்பது ரோபோ அட்ரீனல் செய்த கை எங்கள் பக்கத்திலும் இருக்கும். அன்று நான் வேறு பதில் சொல்லலாம்.

அண்ணனுக்கு மூன்று வாரம் மருந்து. எழுந்து நின்றால் தலை சுற்றும், மூக்கடைப்பு. இரண்டும் மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்றார்கள். வாழ்நாள் முழுக்க உப்பைக் குறை என்று கேட்டவருக்கு உப்பைக் கூட்டச் சொன்னதும் ஒரே குஷி, தினமும் கருவாடு. ஆபரேஷன் அன்று நான் இங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு வீட்டுக்கடன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்காமல் இருந்தேன். இரண்டேகால் மணி நேரம். வலது பக்கச் சுரப்பியின் ரத்தக்குழாய் சில மில்லிமீட்டர் நீளம்தான், நேராகப் பெருஞ்சிரையில் போய்ச் சேருகிறது, கை தவறினால் அங்கேதான் தவறும் என்று படித்து வைத்திருந்தேன். அவ்வளவு படித்திருக்கக் கூடாது. கட்டியைத் தொட்டபோது பிரஷர் ஒருமுறை இருநூறைத் தாண்டியது, எடுத்ததும் இறங்கியது, இரண்டையும் மயக்க மருந்து டாக்டர் பிடித்து நிறுத்தினார். நாலாம் நாள் வீடு. ஒரு மாதத்தில் கடை.

ஃப்ரைபர்க் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அவளுடைய உறவு வழியில் வந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்து 2007-ல் எழுதினார்கள். நோய்க்குக் காரணமான மரபணுப் பிழை 120 வருஷம் கழித்தும் அந்தக் குடும்பத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கட்டி வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரைச் சரக்கு. அதனால் அண்ணனுக்கும் மரபணுச் சோதனை எழுதினார்கள். நான் அனுப்ப நினைத்த ரோபோக் காசில் ஒரு பங்கு அதற்குப் போனது. முடிவு வர ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் என் இரண்டு பிள்ளைகளும் தலைவலி என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். ஒன்றும் இல்லை என்று வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது அண்ணன் சட்டை போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், தோளில் தாத்தாவைப் போலவே துண்டு. மகளுடைய பையன், நாலு வயது, மடியில் ஏறி விலாவுக்குக் கீழே விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. பிறகு முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. "தீந்து போச்சா தாத்தா?" என்று கேட்டான்.